மூன்றாவது குரல்

எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. படிக்கிற பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. இதைச் சொன்னதும் எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வேலை கேட்டு வந்தவள் நிபந்தனை போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சனிக்கிழமை கட்டாயம் என்றார்கள். கேன்டீனில் டோக்கன் கிழிக்கக் காலைக் கூட்டத்தில்தான் ஆள் தேவை. விளையாட்டுத் திடலில் பந்துகளையும் மட்டைகளையும் எண்ணி உள்ளே வைக்கிற வேலை ஒன்று இருந்தது. அங்கிருந்த பயிற்சியாளர், "நல்லா ஓடுவியாம்மா?" என்று கேட்டார். "பந்து எண்ணறதுக்கு எதுக்கு சார் ஓடணும்?" என்றேன். அந்த வேலையும் போயிற்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபமும் மூக்குக்கு மேல்.

அந்த மூன்று காலைகளும் அண்ணனுக்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, உயரமான கட்டடங்களின் இருட்டுப் பள்ளங்களில் இறங்கி இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவி என்னை முதுகலை வரைக்கும் கொண்டுவந்து விட்டவன். முப்பத்து நான்கு வயதில் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. என்னுடையது அவனுக்குப் பொருந்தவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். டாக்டர் பூசி மெழுகத் தெரியாத மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதயமும் பலவீனமா இருக்கும்மா. எத்தன நாள்னு என்னால சொல்ல முடியாது," என்றார். இருக்கிற நாள்வரை அவன் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அவன் வேலையை விட்டுவிட்டதால் வீட்டை ஓட்ட நானும் ஏதாவது செய்தாக வேண்டும்.

கடைசியில் ஒரு நீளமான தாழ்வாரத்தின் கோடியில் வேலை கிடைத்தது. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கிற அறை அது. பொறுப்பாளர் அம்மாவின் கழுத்தில் எந்நேரமும் ஒரு ஹெட்போன் தொங்கும், அதனால் நான் அவருக்கு ஹெட்போன் மேடம் என்றே பெயர் வைத்துவிட்டேன். என் நிபந்தனையைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை.

"எங்க வேணா படி, எப்ப வேணா படி. வாரத்துக்கு நாப்பது பக்கம் வந்துடணும்," என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரெக்கார்டரைக் கொடுத்தார். "ஆனா ஒண்ணு. இதுல புத்தகம் இருக்கணும், உன் குரல் இருக்கணும். மூணாவதா ஒரு குரல் வரக் கூடாது. பக்கத்து வீட்டு மிக்ஸி, உன் தும்மல் எதுவும் வேண்டாம். வந்தா வெட்டிடு."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். அவனோடு இருந்த மாதிரியும் ஆயிற்று, வேலை பார்த்த மாதிரியும் ஆயிற்று. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஓயாம பேசறதுக்குச் சம்பளமா? உனக்குன்னே செஞ்சு வெச்ச வேலைடி ரேடியோ!"

சின்ன வயதிலிருந்தே அவன் எனக்கு வைத்த பெயர் ரேடியோ. கண் விழித்தது முதல் தூங்குகிறவரை வாய் மூடமாட்டேனாம். அடித்து நிறுத்தவும் முடியாது, அணைக்கப் பொத்தானும் கிடையாது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

டயாலிசிஸ் அறையில் பத்துக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இயந்திரம். அண்ணனை எடை பார்ப்பார்கள், இடது கையில் இரண்டு பெரிய ஊசி குத்துவார்கள், அவன் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மடியில் புத்தகத்தை விரிப்பேன். ஒப்பந்தச் சட்டம், எழுநூறு பக்கம். அதைக் கேட்கப் போகிறவர் நாற்பது தாண்டிய ஒரு பெண். பதினெட்டு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது வழக்கறிஞராக வேண்டும் என்று வந்திருக்கிறார். வளாகத்து விடுதியில் கீழ்த்தளத்தில் அறை. நான் அவரை டெலிபோன் அக்கா என்பேன்.

ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது விதி. "பக்கம் நூற்றுப் பதினான்கு," என்று நான் சொன்னதும் அண்ணன் லிஃப்டுக்குள் கேட்கிற பெண் குரலில், "கதவு திறக்கிறது," என்பான். பக்கம் முடிந்தால், "கதவு மூடுகிறது." பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குச் சிரிப்பு வந்து அவருடைய இயந்திரம் கத்தும், நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் முறைப்பார்.

சட்டத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. "யாருடி அந்த 'ஒரு தரப்பினர்'? பாவம், பக்கத்துக்குப் பக்கம் எவன்கிட்டயாவது ஏமாந்துக்கிட்டே இருக்கான். வீட்ல கேக்க ஆள் இல்லையா?"

நான் பக்கத்துக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். அவனுக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. என் பாட்டிலையே பார்த்துக்கொண்டு, "குடி, குடி. எனக்கும் சேத்துக் குடி," என்பான். பிறகு நான் பாட்டிலைப் பைக்குள் வைத்துத் திரும்பி நின்று குடிக்கப் பழகினேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனையையும் வீட்டுக்குப் போய் வெட்ட வேண்டுமே! மதியம் சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்து காதை மூடிக்கொள்வேன். குரலெல்லாம் திரையில் மேடு பள்ளமாக ஓடும். என்னுடையது ஒரே சீராக இருக்கும். நடுவில் ஒரு குட்டி மேடு எழும்பினால் அது அண்ணன். தேர்ந்தெடு, அழி. கதவு திறக்கிறது, அழி. ஏய் ரேடியோ, அழி. இருமல், அழி. அவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவன் குரலை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆனால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். நான்கு மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் படித்தால் வேறென்ன ஆகும்? "இன்னிக்கு காலேஜ்ல என்ன விசேஷம்?" என்று அவன் கேட்பான். கையை ஆட்டுவேன். "ஹெட்போன் மேடம் கதை ஒண்ணு இருக்குன்னியே, என்னது அது?" என்பான். "நாளைக்குச் சொல்றேன்," என்று காற்றுக் குரலில் சொல்லிவிட்டு வெந்நீர் குடிக்கப் போவேன். மறுநாளும் அதே கதைதான்.

இப்படி இரண்டு மாதம் ஓடிற்று. ஒரு வியாழக்கிழமை ஏழாவது அத்தியாயத்தின் நடுவில் அண்ணனின் இயந்திரம் விடாமல் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் யாரும் கண்ணில் படவில்லை. ரெக்கார்டரை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, மடங்கியிருந்த குழாயைச் சரிசெய்து, மறுபடி உட்கார்ந்து படித்து முடித்தபோது மணி ஒன்று. அந்த வாரம் பக்கக் கணக்கில் பின்தங்கியிருந்தேன். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெட்டிவிட்டு, நடுவே கேட்காமலே அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதில் ஏதாவது ஒன்றை எடுத்து மாதிரிக்குக் கேட்பது ஹெட்போன் மேடத்தின் பழக்கம். திங்கட்கிழமை கூப்பிட்டுவிட்டார்.

"ஏழாவது அத்தியாயத்துல ஒரு ஆம்பளக் குரல் வருதேம்மா! அது ஆரம்பிச்சதுமே நிறுத்திட்டேன். பரீட்சைக்குப் படிக்கிறவங்களுக்கு இப்படியா அனுப்புவ? முழுசா திரும்பப் படி. அவங்ககிட்டச் சொல்லி பழச அழிக்கச் சொல்லு."

இருபத்தாறு பக்கம்! எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே ரெக்கார்டரிலும் என் லேப்டாப்பிலும் அங்கிருந்த கணினியிலும் அதை அழித்தேன். என்ன பேசியிருக்கிறான் என்று கேட்டுப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. தாழ்வாரத்தில் நின்றபடியே டெலிபோன் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, ஏழாவது அத்தியாயம் தப்பாயிடுச்சு. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க, புதுசா அனுப்பறேன்."

"நான் கேட்டுட்டேனேம்மா," என்றார்.

"பரவாயில்லக்கா, அழிச்சிடுங்க."

"சரிம்மா, அழிச்சிடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இனிமே கொஞ்சம் மெதுவாப் படிக்கிறியா? நிறுத்தி நிறுத்தி, தொண்டைக்கு வலிக்காம. பக்கம் குறைஞ்சாலும் எனக்குப் பரவால்ல. மேடம்கிட்ட நானே பேசிக்கறேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஓசியில் படித்துக் கொடுத்தால் அதிலும் குறையா என்று மனசுக்குள் திட்டினேன். அது ஓசி இல்லை என்பதுகூட அப்போது ஞாபகம் வரவில்லை. "சரிக்கா," என்று ஃபோனை வைத்தேன். மெதுவாகவெல்லாம் படிக்கவில்லை. முன்னைவிட வேகமாகத்தான் படித்தேன்.

அந்தக் கோபமெல்லாம் அண்ணன் தலையில் விடிந்தது. "வாய வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க மாட்டியா? உன்னால என் வேலையே போயிருக்கும்! அப்படி என்ன பேசித் தொலைச்ச?"

"ஒண்ணுமில்லடி. சும்மா, சட்டம் பேசினேன்," என்றான். முகம் சின்னதாகிவிட்டது.

அதற்குப் பிறகு ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் அண்ணன் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொள்வான். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். கதவு திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. எனக்கு வெட்டுகிற வேலை மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். கேட்டீர்களா, சந்தோஷப்பட்டேன்!

அண்ணன் ஒரு புதன்கிழமை போனான். புதன்கிழமை எனக்கு வகுப்பு நாள். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பால் பாக்கெட் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணினாள். நான் அப்போது அந்த வாரத்து நாற்பது பக்கத்தை ஹெட்போன் மேடத்திடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான்காவது வாரம் ஒரு மத்தியானம், லேப்டாப் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது அவன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. என் ஃபோனில் தேடினேன். படங்கள் கிடைத்தன. ஒரு கல்யாணத்தில் அவன் ஆடுகிற வீடியோ கிடைத்தது, அதில் மேளச் சத்தம்தான் காதைப் பிளந்தது, அவன் வாய் அசைந்ததே ஒழிய ஒன்றும் கேட்கவில்லை. அவனுடையது பழைய பட்டன் ஃபோன், அதில் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் குரலைப் பதிந்தா அனுப்புவார்கள்? பிறகு லேப்டாப்பில் இருந்த எல்லாப் பதிவுகளையும் திறந்தேன். எழுநூறு பக்கத்துச் சட்டத்தில் ஐந்நூறு பக்கம், மணிக்கணக்காக நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு இருமலைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. என்னைப் போல ஒழுங்காக வேலை செய்கிறவள் அந்த அறையிலேயே கிடையாது என்று ஹெட்போன் மேடம் ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

அவரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாகத் தேடினார். வெட்டியதோடு சேர்த்து நாங்கள் கொடுக்கிற வெட்டாத பதிவுகளை அங்கே சனிக்கிழமைதோறும் அழித்துவிடுவார்கள். ஒன்றும் இல்லை. "நீ அவர் பக்கத்துல உக்காந்து படிச்சேன்னு எனக்குத் தெரியாதேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரும் அழுதார்.

அப்போதுதான் ஏழாவது அத்தியாயம் ஞாபகம் வந்தது.

டெலிபோன் அக்கா என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "வாம்மா, உக்காரு," என்று தடவாமலே நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பழைய ஏழாவது அத்தியாயம். அழிக்கச் சொன்னேனே, அது இருக்கா? எங்கயாவது ஒரு காப்பி?"

"இல்லம்மா. நீ சொன்ன அன்னிக்கே அழிச்சிட்டேன்."

"அதெப்படிக்கா உடனே அழிப்பீங்க?" என்று கத்தினேன். "ஒருத்தி கோவத்துல சொன்னா, கொஞ்சம் பொறுத்துப் பாக்க வேணாமா?" சொன்னவளும் நான், கத்துகிறவளும் நான். நியாயமா இது? அவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என் அண்ணன் செத்துட்டான்கா. அவன் குரல் எங்கயுமே இல்ல. எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன்."

அக்கா கட்டிலை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பதினெட்டு வருஷம் டெலிபோன் போர்டுல உக்காந்திருக்கேன். லைன்ல காதுல விழுறத வெளிய சொல்லக் கூடாது. எங்க வேலையில அதுதான் முதல் பாடம். யார் சண்ட போட்டாலும், யார் அழுதாலும் நாங்க கேக்கல. அதனாலதான் அன்னிக்கு உங்கிட்ட முழுசாச் சொல்லல. அவர் எங்கிட்டக் கேட்டுக்கிட்டத மட்டும் செஞ்சேன்."

"என்ன கேட்டான்?"

"உங்க அண்ணன் குரல் எனக்கு வராதும்மா. வார்த்தைய மட்டும் சொல்றேன். ரெண்டு தடவ கேட்டேன், மறக்கல." அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "'அக்கா, வணக்கம். உங்களுக்குப் படிக்கிறாளே, அவளோட அண்ணன் நான். மெஷின் கத்துது, நர்ஸத் தேடி ஓடியிருக்கா. சிவப்பு லைட் எரியுது, அதான் பேசறேன். ஒரு உதவி பண்ணணும். இவள மெதுவாப் படிக்கச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்க சொன்னா கேப்பா. இவளுக்கு வீட்ல ரேடியோன்னு பேரு. இப்பல்லாம் உங்களுக்குப் படிச்சிட்டு வீட்டுக்கு வந்தா தொண்டை கட்டிடுது, எங்கிட்டப் பேச அவளுக்குக் குரல் மிஞ்சறதில்ல. எனக்கு எத்தன நாளோ தெரியாது. உங்க மேல கோவம் இல்லக்கா, நீங்க நல்லாப் படிச்சு வக்கீலாகணும். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வெச்சு அனுப்புங்க, அவ்வளவுதான்.' அதுக்கப்புறம் இருமினார். அப்புறம், 'சரிக்கா, அவ வர்றா. கதவு மூடுகிறது'ன்னு என்னவோ ஒரு பொம்பளக் குரல்ல சொன்னார். அது மட்டும் எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. ஓவென்று அழுதேன். அவனுக்காக நேரம் வேண்டும் என்று ஊரெல்லாம் நிபந்தனை போட்டு அலைந்தேன். நேரத்தைக் கொண்டுபோய் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டு, பேச்சை மட்டும் வேறெங்கோ கொட்டியிருக்கிறேன். ரேடியோ பக்கத்திலேயே இருந்தும் அவனுக்குப் பாடவில்லை. அதைக் கேட்டு வாங்கவும் அவனால் என்னிடம் நேராகச் சொல்ல முடியவில்லை, முன்பின் தெரியாத ஒரு அக்காவிடம் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கிறவரை என் கையை விடவில்லை. அவருக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, கடைசி மூன்று அத்தியாயங்கள் பாக்கி. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நானாகத்தான் புத்தகத்தை எடுத்தேன். ரெக்கார்டர் வேண்டாம் என்று நேராகவே படித்தேன். மெதுவாகப் படித்தேன். பக்க எண்ணைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நிறுத்தினேன். ஏன் நிறுத்துகிறேன் என்று அக்கா கேட்கவில்லை. ஆறு பக்கம் ஆனதும் அவரே, "போதும்மா, வீட்டுக்குப் போ," என்றார்.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். தொண்டை கட்டவே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் போல் குரல் சுத்தமாக இருந்தது. அவன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கதையைச் சொன்னேன். ஹெட்போன் மேடம் கழுத்திலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதைக் காணோம் என்று ஒரு நாள் முழுக்க எங்களை மேசைக்கு அடியிலெல்லாம் தேடவைத்த கதை. மெதுவாகத்தான் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன்.